'மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்': கர்ப்பிணிகள் எந்த அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது?

"மாசமா இருந்தா கை கால் வீங்கத்தான் செய்யும்." "தலைவலியா? ராத்திரி சரியா தூங்கியிருக்க மாட்ட." "காலையிலருந்து குழந்தை அசையலையா? தூங்கிட்டிருக்கும், கொஞ்சம் பொறு."

கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. சரியாக இல்லாத அந்தச் சில நேரங்களில் தாய், சேய் இருவர் உயிரும் ஆபத்தில் இருக்கும். எது சாதாரணம், எது ஆபத்து என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய முடியாது. பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

பிபி ஏறினால் ஏன் இவ்வளவு பதற்றம்?

பொதுவாக 20 வாரங்களுக்குப் பிறகு சிலருக்கு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போகும். அதோடு சிறுநீரில் புரதம் வெளியேறுவது, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அதற்கு 'ப்ரீஎக்லாம்ப்சியா' என்று பெயர். முற்றினால் வலிப்பு வரலாம். மூளையில் ரத்தக்கசிவுகூட ஏற்படலாம். 160/110-ஐ தொட்டாலே அது அவசர நிலைதான்.

இதில் பெரிய சிக்கல், தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். அறிகுறி வந்தாலும் அது வேறு ஏதோ போலத் தோன்றும். விலா எலும்புக்குக் கீழே வரும் வலியை 'கேஸ் ட்ரபிள்' என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடிப்போம். கண் மங்கினால் லேப்டாப்பைக் குறை சொல்வோம். மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீங்கினால், "வெயிட் போட்டுட்ட" என்று கிண்டல் செய்வோம்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. மெக்னீசியம் சல்பேட் என்ற, விலை குறைந்த மருந்து, வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு, 2002-ல் வெளியான 'மேக்பை' ஆய்வு இதை உறுதி செய்தது. ஆனால், மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவருக்குத்தான் அந்த மருந்தைக் கொடுக்க முடியும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

- ரத்தப்போக்கு. எந்த மாதமாக இருந்தாலும், கொஞ்சமாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதிகமாக இருந்தால் 108.
- விடாத கடும் தலைவலி, கண் மங்குவது, கண் முன்னால் மின்னல் போலத் தெரிவது, மேல்வயிற்று வலி.
- முகம், கைகள் திடீரென வீங்குவது.
- தொடக்க மாதங்களில் அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாக வரும் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம். கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.
- மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம்.
- பனிக்குடம் உடைந்து நீர் வருவது, 37 வாரத்துக்கு முன்பே விட்டு விட்டு வலி வருவது.
- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல்.
- தண்ணீர்கூட வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி.
- உள்ளங்கை, உள்ளங்காலில் கடும் அரிப்பு. இது கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் அசைவு குறைந்தால்?

"கடைசி மாசத்துல இடம் இல்லாம அசைவு குறையும்" என்பது தவறான நம்பிக்கை. அசையும் விதம் மாறலாம். ஆனால் பிரசவ வலி வரும் வரைக்கும் அசைவு இருந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று தோன்றினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் வைத்துக் கேட்கும் கருவிகளையோ மொபைல் ஆப்களையோ நம்பி நிம்மதி அடையவும் வேண்டாம். இதயத்துடிப்பு கேட்கிறது என்பதாலேயே குழந்தை நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

பிரசவம் முடிந்துவிட்டால் ஆபத்தும் முடிந்ததா?

இல்லை. ப்ரீஎக்லாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகும் 6 வாரம் வரை வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைகிறது என்றால் அதுவும் அவசரம்தான். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றையும் விடக் கூடாது. வீட்டில் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும் நாட்கள் அவை. அம்மாவையும் ஒருவர் கவனிக்க வேண்டும்.

சொன்னால் கேட்பார்களா?

2017-ல் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்குச் சிசேரியன் நடந்தது. மறுநாள் மூச்சுத்திணறல். முன்பே ரத்தக்கட்டியால் பாதிக்கப்பட்டவர் என்பதால், சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவரே சொன்னார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்ததாகப் பின்னர் அவர் தெரிவித்தார். அவர் விடவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன. உலகப் புகழ் பெற்றவருக்கே வற்புறுத்த வேண்டியிருந்தது.

எனவே மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லுங்கள்: எத்தனையாவது வாரம், எப்போது தொடங்கியது, கடைசியாக பிபி எவ்வளவு இருந்தது. பிரசவமாகி எத்தனை நாள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். "பிபி பார்த்துடுங்க" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

தாமதம் எங்கே?

தாய்மார்களின் இறப்புக்குப் பின்னால் 3 தாமதங்கள் இருப்பதாக 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 108 ஆம்புலன்ஸும் இருக்கிறது. ஆனால் எந்த ஆம்புலன்ஸாலும் முதல் தாமதத்தைக் குறைக்க முடியாது. அது நம் வீட்டு ஹாலில் நடப்பது.

நடுராத்திரியில் கணவரை எழுப்பத் தயக்கம். "சும்மா சும்மா ஓடுறா" என்று மாமியார் நினைப்பாரோ என்ற பயம். டீம் மீட்டிங்கை விட்டு எழுந்து போனால் மேனேஜர் என்ன சொல்வாரோ என்ற கவலை. 'காலையில பார்த்துக்கலாம்' என்று அந்தப் பெண்ணையே நினைக்க வைப்பவை இவைதான். இதைச் சரிசெய்வது அவர் பொறுப்பு மட்டுமல்ல. "ஏதோ சரியில்லை" என்று அவர் சொன்னால், வீடோ ஆபீஸோ, காரணம் கேட்காமல் கிளம்ப வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால், அதை அப்புறம் குத்திக்காட்டவும் கூடாது. ஒருமுறை கிண்டலுக்கு ஆளானவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார்.

இன்றைக்கே செய்யக்கூடியது: தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் வையுங்கள், போட்டோ எடுத்துக் கணவர் அல்லது அம்மாவின் மொபைலுக்கும் அனுப்புங்கள். ராத்திரியிலும் டாக்டர் இருக்கும் மருத்துவமனை எது என்று விசாரித்து வையுங்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.