ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை போதுமா?

அடுத்த முறை பட்டர்வொர்த் - கூலிம் விரைவுச் சாலையில் போகும்போது, பக்கத்தில் வரும் டிரெய்லர் லோரியைச் சற்றுக் கவனியுங்கள். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலிருந்து துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போகும் லோரியாக இருக்கலாம். செம்பனை எண்ணெய் டாங்கியாகவும் இருக்கலாம். முன்னால் இழுக்கும் தலைப்பகுதிக்கும் பின்னால் வரும் டிரெய்லருக்கும் இடையில், கறுப்பாகக் கிரீஸ் அப்பிய ஓர் இரும்புத் தட்டு தெரியும். குதிரை லாடத்தைப் போல் பின்பக்கம் பிளந்திருக்கும். அதற்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர்.

பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. செம்பனைக் குலைகளை ஏற்றிய வண்டியை டிராக்டரோடு ஓர் இரும்புக் கம்பியைச் செருகி மாட்டுவார்களே, அதே வேலையைத்தான் இந்தத் தட்டும் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்து வண்டி தன் பாரத்தின் பெரும்பகுதியைத் தன் சக்கரங்களிலேயே தாங்கிக்கொள்ளும். சாலையில் ஓடும் டிரெய்லருக்கு முன்சக்கரமே கிடையாது. அதன் முன்பாதிப் பாரம் முழுவதும், ஏறத்தாழ பத்து டன், இந்தத் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

'சக்கரம்' என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்தது. நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக, அதன்மேல் ஒரு வளையத்தைப் படுக்கைவாக்கில் பொருத்தினார்கள். பார்ப்பதற்கு ஐந்தாவது சக்கரம் போலிருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. டிரெய்லரின் அடியில் 'கிங்பின்' என்ற தடித்த எஃகு முளை ஒன்று தொங்கும். தலைப்பகுதி பின்னோக்கி வரும்போது, முளை தட்டின் பிளவுக்குள் நுழையும். உள்ளே இருக்கும் தாடை அதைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். பிறகு லோரி வளைவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் டிரெய்லரின் அடித்தகடு இந்தத் தட்டின்மேல் உரசித் திரும்பும். எஃகின்மேல் எஃகு. நடுவில் கிரீஸ் மட்டும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மரக்கட்டை, உப்புத்தாள், விசைமானி என்று வழக்கமான சோதனை. லோரி ஓட்டுநரின் மகன் ஒருவன் கேட்டான்: "எங்கப்பா லோரியில அந்தத் தட்டுல ஏற்கெனவே கிரீஸ் மொத்தமா அப்பிக்கிட்டுத்தானே சார் இருக்கு? அப்புறம் ஏன் சுரண்டிட்டு மறுபடியும் பூசறாங்க?" அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்த பிறகுதான், பாடநூலில் உள்ள எந்த எடுத்துக்காட்டையும்விட அந்தத் தட்டு நல்ல பாடம் என்று புரிந்தது.

கணக்கைப் பாருங்கள். பத்து டன் பாரம் என்றால் ஏறத்தாழ 1,00,000 நியூட்டன் விசை. உலர்ந்த எஃகுக்கு உராய்வுக் குணகம் சுமார் 0.5 என்று வைத்துக்கொண்டால், திரும்புவதைத் தடுக்கும் உராய்வு 50,000 நியூட்டன். நல்ல கிரீஸ் இருந்தால் குணகம் 0.1 அளவுக்கு இறங்கும். உராய்வும் 10,000 நியூட்டனாகக் குறையும். தட்டு காய்ந்துபோன லோரியில் ஸ்டியரிங் கனக்கும். திரும்பி முடித்த பிறகும் நேர்நிலைக்கு வரத் தயங்கும். மழை நாளில் வளைவில் திருப்பினால், டிரெய்லர் தலைப்பகுதியைத் திரும்ப விடாமல் நேராகத் தள்ளப் பார்க்கும். முன்டயர்கள் வழுக்கும். நம் கெடாவில் மழைக்குக் குறைவில்லை.

என்ஜினுக்குள் பாகங்கள் வேகமாகச் சுழலும்போது எண்ணெய் தானாகவே இடையில் ஒரு மெல்லிய படலமாகப் புகுந்துகொள்ளும். இந்தத் தட்டிலோ அசைவு மெதுவானது, பாரமோ பெரிது. எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். அதனால்தான் இதற்கு மாலிப்டினம் டைசல்பைடு அல்லது கிராபைட் கலந்த கிரீஸைப் பரிந்துரைக்கிறார்கள். இவை சீட்டுக்கட்டைப் போல் அடுக்கடுக்கானவை. எண்ணெய் பிதுங்கிப் போனாலும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு உலோகத்தைக் காக்கும்.

மாணவனின் கேள்விக்கும் இதில்தான் பதில். சாலை மணலும் தேய்ந்த இரும்புத் துகளும் பழைய கிரீஸில் சேர்ந்துவிட்டால், அது கிரீஸே அல்ல. உப்புத்தாளில் உள்ள தேய்ப்புப் பொருளைப் போன்றது. அதன்மேல் புதுக் கிரீஸைப் பூசுவது, புண்ணைக் கழுவாமல் மருந்து போடுவதற்குச் சமம். டிரெய்லரைக் கழற்றி, பழையதைச் சுரண்டித் துடைத்து, தட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, தாடையையும் பூட்டையும் அசைத்துப் பார்த்த பிறகே புதியதைப் பூச வேண்டும். இறுகிப்போன பழைய கிரீஸ் தாடைக்குள் அடைத்துக்கொண்டால் பூட்டு முழுமையாக விழாது. அப்போது டிரெய்லர் மாட்டியதுபோல் தோன்றும், ஆனால் மாட்டியிருக்காது.

முளையும் தேயும். வழக்கமான கிங்பின்னின் கழுத்து புதிதில் 50.8 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அது 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் கூறும் வரம்பு. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. அளந்துதான் அறிய வேண்டும்.

நம் நாட்டில் வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். அது தேவையான விதி. ஆனால் சோதனைச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்ற எண்ணம்தான் தவறு என்கிறேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்தத் தட்டைச் சுத்தம் செய்து கிரீஸ் பூசச் சொல்லும் கையேடுகள் உண்டு. நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடும் லோரி ஆறு மாதத்தில் 46,800 கிலோமீட்டர் ஓடிவிடும். இரண்டு சோதனைகளுக்கு நடுவில் குறைந்தது நான்கு முறை கிரீஸ் பூசியிருக்க வேண்டும். தண்ணீரைப் பீச்சியடித்து லோரியைக் கழுவினால் கிரீஸும் போய்விடும். மறுபடி பூச வேண்டும். இந்த வேலையைச் சோதனை மையம் செய்யாது. கெலிண்டானாகப் போகும் நம் வீட்டுப் பையன்தான் செய்ய வேண்டும்.

அவனுக்கு நேரம் கிடைக்கிறதா? படிவம் 5 முடித்துவிட்டு லோரி வேலைக்குப் போன என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: "நடைக்குத்தான் காசு சார். டிரெய்லரைக் கழற்றி அரை மணி நேரம் சுரண்டிக்கிட்டிருந்தா ஒரு நடை போயிடும்." என்னைச் சிந்திக்க வைத்த சொல் இது. ஒரு வேலைக்குச் சம்பளம் இல்லை என்றால், அந்த வேலை முக்கியமில்லை என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம்.

கிரீஸே தேவைப்படாத தட்டுகள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்கலாம். மேலே செயற்கைப் பொருளால் ஆன பட்டை பொருத்திய தட்டுகள் உண்டு. அவற்றிலும் தாடைக்கும் பூட்டுக்கும் கவனிப்பு தேவை, பட்டையும் தேயும். பார்வையிடும் கண்ணுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

2024 டிசம்பர் 23 அன்று மலாக்காவில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், ஒரு லோரியிலிருந்து கழன்ற சக்கரத்தில் சுற்றுலாப் பேருந்து மோதி, அதைத் தொடர்ந்த விபத்தில் 7 பேர் இறந்தார்கள். அது ஐந்தாம் சக்கரத்தால் நேர்ந்ததல்ல. ஆனாலும் கனரக வாகனத்தில் ஒரு பாகம் கழன்றால், விலை கொடுப்பவர் அந்த வாகனத்தில் இல்லாதவராகவும் இருக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே என் கருத்து இது. கிரீஸ் பூசும் அரை மணி நேரத்தையும் ஒரு நடையாகக் கணக்கிட்டு முதலாளிகள் ஊதியம் தர வேண்டும். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் பூசப்பட்டது என்று ஒவ்வொரு லோரிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர்களாகிய நாங்களும் மரக்கட்டையோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தத் தட்டை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை அதன் பக்கத்தில்தான் நிற்கப் போகிறார்கள்.

உங்கள் வீட்டில் லோரி ஓட்டுபவர் இருந்தால் இன்று இரவு ஒன்று கேளுங்கள். டிரெய்லரை மாட்டியபின் டார்ச் விளக்கடித்து, தாடை முளையின் கழுத்தைக் கவ்வியிருக்கிறதா, தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையில் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறாரா? டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி மெல்ல முன்னே இழுத்துப் பார்க்கிறாரா? கடைசியாகக் கிரீஸ் பூசியது எப்போது? அவருக்கு உடனே பதில் சொல்ல முடிந்தால் நல்லது. தேதி நினைவில் இல்லை என்றால், நாளைக் காலை முதல் நடைக்கு முன்பே அந்தத் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.