பெட்டிக்கு முன் அறை

கிளிநொச்சியில் புதிதாக வீடு கட்டிய நண்பர் ஒருவர், கனடாவிலிருந்து ஒரு சோடி ஒலிபெருக்கிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். நெஞ்சளவு உயரம், ஒவ்வொன்றையும் தூக்க இருவர் வேண்டும். அவற்றுக்குக் கொடுத்த விலையில் இங்கே ஒரு சிறிய வீட்டுக்குக் கூரையே போட்டுவிடலாம். பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த என்னை அவர் அழைத்ததற்குக் காரணம், நான் ஒரு வானொலிப் பைத்தியம் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்ததுதான்.

முதலில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் போட்டார். 1975 இல் மறைந்த அந்த மேதையின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். கேட்டதோ ஒரே குமுறல். பிறகு ஓர் ஒலிநாடாவை எடுத்தார். அவர் நாட்டை விட்டுப்போன புதிதில், 1980களின் இறுதியில், தாயார் பேசிப் பதிந்து அனுப்பிய கடிதம் அது. அந்த நாட்களில் எழுதத் தயங்கிய தாய்மார் பலர் இப்படித்தான் கடிதம் அனுப்பினார்கள். அந்த அம்மா இப்போது இல்லை.

"அண்ணை, அம்மா சொல்லுறது உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு வசனமும் முழுதாக விளங்கவில்லை.

குற்றம் நாடாவில் இல்லை, பெட்டியிலும் பெரிதாக இல்லை. ஹால் 18 அடி நீளம், 18 அடி அகலம், 9 அடி உயரம். தரையில் மாபிள், சுவரில் பூசி மெழுகிய சீமெந்து, பெரிய கண்ணாடி யன்னல்கள், திரைச்சீலை கிடையாது. இத்தகைய பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சும். மிச்சமெல்லாம் திரும்பி வந்து, அடுத்த சொல்லின்மீது விழும். அளவுகளோ இன்னும் மோசம். வன்னி வெயிலில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடுகிறது. 18 அடிச் சுவர்களிடையே அது 32 ஹேர்ட்ஸ் அளவிலும், அதன் இரட்டிப்பான 64 இலும் நின்று அதிரும். 9 அடி உயரமும் அதே 64 இல் அதிரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே சுருதியில் கூடி நின்றால் தவிலின் தொப்பி என்ன செய்யும்?

இந்தப் பிரதேசத்தின் பழைய மண் வீட்டில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. மண் சுவர், சாணம் மெழுகிய தரை, கிடுகுக் கூரை. ஒலியைச் சிதறவும் விழுங்கவும் இதைவிடப் பொருத்தமானவற்றை வெளிநாட்டுக் கடைகளில் அதிக விலைக்கு விற்கிறார்கள். அதற்காக யாரும் கிடுகு வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலம் எனக்கும் தெரியும்.

அடுத்தது பொருத்தம். நண்பரின் அம்பிளிபயர் வால்வு வகை, 20 வாட். பெட்டியின் பின்புறத்தில் 84 டெசிபல், 4 ஓம் என்று எழுதியிருந்தது. அந்த 84 என்பது 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீற்றரில் அளந்த எண். 8 ஓம் பெட்டிக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் பெட்டிக்கு அது 2 வாட். ஆகவே உண்மைக் கணக்கில் அது 81 தான். 91 டெசிபல் பெட்டிக்கு 2 வாட் போதுமான இடத்தில் இதற்கு 20 வாட் வேண்டும், அதாவது அவரிடம் இருந்த முழுவதும். இது தெரிந்தும் விற்றவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், கருவி 120 வோல்ட் என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. நல்லவேளையாக, செருகுவதற்கு முன் அயலில் உள்ள மின்வேலைக்காரர் தடுத்து, மாற்றிப் பெட்டி ஒன்றைத் தேடிக் கொடுத்திருக்கிறார்.

பொருத்தம் என்றால் என்னவென்று வன்னிக்கு வெளியிலிருந்து வந்து கற்பிக்கத் தேவையில்லை. 1990 முதல், 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்படும் காலம்வரை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். டைனமோ 6 வோல்ட், 3 வாட். வானொலிக்கு வேண்டிய நான்கு பற்றரியும் 6 வோல்ட். மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கும். வேகம் கூடினால் கருவிக்கு ஆபத்து. உள்ளங்கை அகலக் கடதாசிக் கூம்பிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையை ஒரு முற்றமே கேட்டது. எல்லோருக்கும் விளங்கியது. விளங்காவிட்டால் மறுநாள் எங்கே போவதென்று தெரியாது.

அதே பி.பி.சி.யின் பொறியியலாளர்கள் 1970களில் எல்.எஸ். 3/5ஏ என்றொரு சிறிய பெட்டியைத் தமக்காகவே வடிவமைத்தார்கள். வெளிக்கள ஒலிபரப்பு வண்டிக்குள், முழங்கை இடிக்கும் இடத்தில் வைத்துக் கேட்பதற்கு. அடித்தள ஒலி குறைவு. சத்தமும் பெரிதாக வராது. ஆனால் மனிதக் குரலில் அதன் நேர்மைக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். இடத்தை அளந்து பெட்டியைச் செய்தார்கள் என்பதே எனக்குப் பிடித்த விடயம்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: பணத்தில் முதற்பங்கை அறைக்குக் கொடுங்கள், அடுத்ததைப் பெட்டிக்கு, பிறகு அம்பிளிபயருக்கு. கம்பிக்குக் காசைக் கொட்டாதீர்கள். தடித்த செப்புக் கம்பி போதும். கூம்பின் விளிம்பு ரப்பராக இருக்கட்டும், நுரைப்பஞ்சு விளிம்பு நமது வெக்கையிலும் ஈரத்திலும் உதிர்ந்துவிடும். வாங்குமுன் தெரிந்த ஒருவரின் குரலைப் போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் இசையில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

பின் அறை ஒன்று இருந்தது. 14 அடிக்கு 11 அடி. உடுப்பு அலுமாரி, புத்தகத் தட்டு, ஒரு கட்டில். தரையில் பாயும் சமுக்காளமும் விரித்தோம். யன்னலுக்கு இரண்டு மடிப்பாகத் தடித்த சீலை. என் வீட்டிலிருந்த பழைய சிறிய சோடியைக் கொண்டுபோய், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வருமாறு ஸ்டூல்களில் வைத்தோம். 8 ஓம், 88 டெசிபல். அந்த 20 வாட் அம்பிளிபயரின் குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை.

நாடா ஓடியது. அம்மா, கிணற்றடி வாழை குலை தள்ளிவிட்டது என்றார். மகனிடம் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ என்றார். பின்னால் யாரோ வாளி வைக்கும் சத்தம். நண்பர் நாடாவை நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, அந்த வாளிச் சத்தத்தை மறுபடியும் கேட்டார். "அது அப்பா" என்றார்.

பெரிய சோடி இன்னமும் ஹாலில்தான் நிற்கிறது. கொழும்பில் ஒருவர் விலை கேட்டிருக்கிறாராம், இன்னும் படியவில்லை. என் சிறிய சோடி திரும்பி வருமென்று எனக்குத் தோன்றவில்லை.