வைடால் சீட்டு போதாது

“பட்டாசு ஆலைக் கூலிக்காரருக்கு ரத்தக் கல்ச்சர் முடிவுக்காக மூன்று நாள் காத்திருக்க வசதி ஏது? டைபாய்டுக்கு வைடால் ரத்தப் பரிசோதனை போதும்” என்பது சிவகாசிப் பக்கத்து வாதம். கூலி போகும் கவலை நியாயம், முடிவு தவறு.

1896-இல் வந்த வைடால் கிருமியைத் தேடுவதில்லை. அதற்கெதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. பழைய டைபாய்டும் வேறு காய்ச்சலும்கூட ‘பாசிட்டிவ்’ காட்டும். முதல் வாரத்தில் உண்மையான டைபாய்டே தப்பிவிடும்.

டைபாய்டுக் கிருமியான சால்மொனெல்லா டைபியை உறுதிசெய்ய ரத்தக் கல்ச்சரில் அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். கல்ச்சரும் சிலரிடம் தவறவிடும்; ஆனால் கிருமி வளர்ந்தால், எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் சொல்லும். 2017–2020-இல் வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய டைபாய்டு கண்காணிப்பும் கல்ச்சரையே நம்பியது.

காத்திருக்கவும் வேண்டாம்: ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கலாம். தொழிலாளிக்காகக் கேட்பதென்றால், சிவகாசி ரத்த மாதிரிகளை விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் கல்ச்சர் செய்யக் கேளுங்கள். மலிவான சீட்டைக் கேட்காதீர்கள்.