பூனையை வரைந்த கை

(இளம் அறிவியல், இயற்பியல் - இரண்டாம் ஆண்டு மாணவி)

“யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்” என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பூனைக்குக் காலம் வந்தது 1919-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். அமெரிக்கத் திரையரங்குகளில் ‘ஃபீலைன் ஃபாலீஸ்’ என்றொரு சின்னஞ்சிறு கார்ட்டூன் படம் காட்டப்பட்டது. திரைப்படம் இன்னும் பேசக் கற்றுக்கொள்ளாத காலம் அது. அதில் வந்த கறுப்புப் பூனைக்கு ‘மாஸ்டர் டாம்’ என்று பெயர். அந்த ஆண்டு முடிவதற்குள் அதற்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். அதுதான் பின்னாளில் உலகம் முழுவதும் அறிந்த பெலிக்ஸ் பூனை. மிக்கி எலிக்கு அது ஒன்பது வயது மூத்தது.

பூனைக்குக் காலம் வந்தது. அதை வரைந்தவருக்கு வந்ததா என்பதே என் கேள்வி. அமெரிக்கப் பூனைக்கும் விருதுநகர் மாவட்டத்து மாணவிக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். உறவு உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

பூனை வளர்ந்த கதை

சிறு சிறு மாற்றம் உள்ள படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டினால், கண் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிவதில்லை, அசைவாகவே காண்கிறது. கார்ட்டூன் படத்தின் அடிப்படை இதுதான். பேசாப் பட நாளில் நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் ஓடின. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 960 படங்கள். எங்கள் ஊர்த் தீப்பெட்டிக் கணக்கில் சொன்னால் ஏழு குரோசுக்குச் சற்றுக் குறைவு. ஒரே படத்தை இரண்டு முறை எடுத்தாலும் 480 படங்களைக் கையால் வரைந்தே ஆக வேண்டும். பெலிக்ஸின் உடல் முழுவதும் கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோடு கோடாக நுணுக்கி வரைவதைவிட மையை நிரப்பிவிடுவது எளிது. திரையிலும் உருவம் பளிச்சென்று தெரியும்.

பேச்சு இல்லாத குறையைப் பெலிக்ஸ் தன் வாலால் தீர்த்துக்கொண்டது. அந்த வால் ஒரு காட்சியில் கைத்தடியாகும். இன்னொரு காட்சியில் தூண்டில் கொக்கியாகும். வியப்பில் அதன் தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி தோன்றினால், அதையே கையில் எடுத்துக் கருவியாகப் பயன்படுத்திவிடும். கையில் ஒன்றுமில்லாதவன் தன் உடம்பையும் மூளையையும் வைத்தே பிழைத்துக்கொள்ளும் வித்தை அது. நம் வட்டாரத்து மக்களுக்கு இது புதிய வித்தை அன்று.

1923-இல் பெலிக்ஸ் செய்தித்தாள்களில் படக்கதையாக வந்தது. பொம்மையாகவும் பாட்டாகவும் விற்பனையாயிற்று. 1928-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் தொலைக்காட்சிச் சோதனை நடத்தியபோது, விளக்கொளியில் மணிக்கணக்காக நிற்க மனிதரால் இயலாது என்று, ஒரு பெலிக்ஸ் பொம்மையைச் சுழலும் மேடையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். தொலைக்காட்சியில் முதன்முதல் தோன்றிய முகங்களுள் ஒரு பூனையின் முகமும் உண்டு!

பெயர் யாருக்கு?

இத்தனை படங்களிலும் திரையில் தெரிந்த பெயர் ஒன்றே: பாட் சல்லிவன். ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூயார்க்கில் படக்கூடம் நடத்திய முதலாளி அவர். அந்தக் கூடத்தில் அமர்ந்து பூனையை வரைந்தவர், படங்களை இயக்கியவர் ஓட்டோ மெஸ்மர் என்ற ஓவியர். அவர் பெயர் திரையில் வரவில்லை. செல்வமும் புகழும் சல்லிவனுக்குச் சென்றன. மெஸ்மருக்குச் சம்பளம் கிடைத்தது.

1933-இல் சல்லிவன் மறைந்தார். பேசும் படத்துக்குக் காலத்தோடு மாறாததால் படக்கூடமும் சரிந்தது. மெஸ்மர் மேலும் பல ஆண்டுகள் பத்திரிகையில் பெலிக்ஸ் படக்கதையை வரைந்தார். நியூயார்க் நகர வீதிகளில் மின்விளக்கு விளம்பரப் பலகைகளுக்கும் அசையும் படங்கள் அமைத்துக் கொடுத்தார். எழுபதுகளில் ஜான் கேன்மேக்கர் என்ற ஆய்வாளர் அவரைத் தேடிச் சென்று விவரங்களை எழுதிய பிறகே, பூனையின் உண்மையான தந்தை இவர் என்று பலரும் ஏற்றுக்கொண்டார்கள். அப்போது மெஸ்மருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1983-இல் அவர் காலமானார். சல்லிவனின் தாய்நாட்டில் இன்றும் சிலர் பூனை சல்லிவனுடையதே என்று வாதாடுகிறார்கள். பெயர் எழுதாமல் விட்ட ஒரு பிழை, நூறு ஆண்டு கடந்தும் தீராத வழக்காகிவிட்டது.

இது பெலிக்ஸ் ஒன்றின் கதை மட்டுமன்று. வால்ட் டிஸ்னி 1927-இல் ‘ஆஸ்வால்ட்’ என்ற முயலைத் திரைக்குக் கொண்டுவந்தார். உரிமை தம்மிடம் இல்லாததால் மறு ஆண்டே முயலை இழந்தார். அதன் பிறகு பிறந்ததுதான் மிக்கி எலி. அதை வரைந்தவர் அப் ஐவெர்க்ஸ். முதல் படங்களின் தலைப்பு அட்டையில் அவர் பெயர் இருந்தது உண்மை. ஆனால் உலகம் நினைவில் வைத்தது டிஸ்னியை மட்டுமே. 1941-இல் டிஸ்னி படக்கூடத்து ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கம், ஊதியம் ஆகியவற்றோடு, திரையில் பெயர் வேண்டும் என்பதும் அவர்கள் குறைகளுள் ஒன்றாக இருந்தது. உரிமை இழந்து வருந்திய ஒருவரின் கூடத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீக்குச்சியில் தொடங்கிய கலை

நம் நாட்டில் இக்கலை எதில் தொடங்கியது தெரியுமா? தீக்குச்சியில்! இந்தியத் திரைப்படத்தின் தந்தை தாதாசாகேப் பால்கே 1915-ஆம் ஆண்டு வாக்கில் தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்து, அவை தாமே ஆடுவது போல் ஒரு குறும்படம் எடுத்தார். ‘தீக்குச்சிகளின் வேடிக்கை’ என்று பொருள்படும் மராத்திப் பெயர் அதற்கு. அப்படம் இன்று கிடைக்கவில்லை. அந்நாளில் இந்தியாவுக்குத் தீப்பெட்டிகள் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பின்னரே.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சுக்குப் படம் வேண்டும். இப்படித்தான் எங்கள் வறண்ட கரிசல் பூமியில் ஓவியர் கூட்டம் ஒன்று முளைத்தது. அணில், சேவல், மயில், மான், புலி என்று அவர்கள் வரைந்த விலங்குகள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்றன. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்தே சரக்கைக் கேட்டு வாங்கினார்கள். அவற்றை வரைந்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. ‘இரும்புக்கை மாயாவி’யை அறியாத சிறுவர் அந்நாளில் இல்லை. அந்த மாயாவியின் படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. மூலக்கதை வந்த பிரிட்டன் சிறுவர் வார இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் அந்நாளில் இல்லை. கதையிலே மாயாவி மறைந்தான். வெளியிலே ஓவியர் மறைந்தார்.

எங்கள் வீட்டுப் பூனை

இனி என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் பதினாறு வயதில் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் சேர்ந்தார். அங்கிருந்த மூத்த ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் தூரிகை கழுவிக் கொடுத்தே தொழிலைக் கற்றார். வெள்ளை அட்டையில் பெரிதாக வரைவார்கள். கேமரா அதைச் சுருக்கும். நிறம் நிறமாகப் பிரித்து அச்சாகும். ஒருமுறை ஒரு வெளிநாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்து, இதைப் போல் மத்தாப்புப் பெட்டிக்கு ஒரு பூனை வேண்டும் என்றார்களாம். கறுப்புப் பூனை; உருண்டை வெள்ளைக் கண்கள்; மனிதரைப் போல் இரண்டு காலில் நிற்கும். தந்தையார் அதன் வாலை நீட்டி, வால் நுனியையே எரியும் மத்தாப்பாக வரைந்தார். பெலிக்ஸ் படத்தை அவர் பார்த்ததும் இல்லை. மெஸ்மர் பெயரைக் கேட்டதும் இல்லை.

ஆறாம் வகுப்பில் அந்தப் பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோய், “எங்க அப்பா வரைஞ்ச பூனை” என்றேன். “பேரு எங்க இருக்கு, காட்டு” என்றாள் ஒருத்தி. பெட்டியின் ஆறு பக்கங்களையும் திருப்பிப் பார்த்தேன். கம்பெனி பெயர் இருந்தது. அச்சகத்தின் பெயர் இருந்தது. எச்சரிக்கை இருந்தது. அப்பா பெயர் இல்லை. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கம்ப்யூட்டர் வந்தபின் தூரிகைக்கு வேலை போயிற்று. தந்தையார் இன்று பேக்கிங் வேலை பார்க்கிறார். கல்லூரியில் சேர விண்ணப்பம் எழுதியபோது, ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘கூலி’ என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற அவர் அதைப் படித்தார்; ஒன்றும் சொல்லவில்லை. சல்லிவன் செய்ததை நானும் செய்தேன் என்பது, சென்ற ஆண்டு மெஸ்மர் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பெயர் சோறு போடுமா?

இதை என் தாயாரிடம் சொன்னேன். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக் குடும்பம் நடத்தியவர் அவர். “பேரு சோறு போடுமா தாயி? கூலிய ஒழுங்காக் குடுக்கச் சொல்லு மொதல்ல” என்றார். இதைவிட வலுவான மறுப்பு இருக்க முடியாது. கூலி முதலில், பெயர் பிறகு என்பதை நான் மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒன்றைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். சல்லிவனுக்குப் பெயர் வந்த வழியில்தான் பணமும் வந்தது. பெயர் இல்லாதவன் உயர்ந்த கூலி கேட்டால், “நீ யார்?” என்ற கேள்விக்கு அவனிடம் விடை இருக்காது.

வேறொரு மறுப்பும் உண்டு. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வரைந்தவருக்குப் பெயர் எதற்கு என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பூனையின் உடல் மெஸ்மருடையதாக இருக்கலாம். மத்தாப்பு வால் என் தந்தையாருடையது. இருவர் பெயரும் எழுதப்பட்டிருந்தால் எது யாருடையது என்று நேர்மையாகப் பிரித்திருக்கலாம். இரண்டும் எழுதப்படாததால் எல்லாம் கம்பெனியுடையதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஊழியர் தம் பணியில் படைத்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். ஆனால் அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமை கைமாறிய பின்னும் ‘இது என் படைப்பு’ என்று கூறிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கே விட்டுவைக்கிறது. பொருளை விற்கலாம், பெற்றவர் என்ற உறவை விற்க முடியாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. நாம் ஒப்புக்கொள்ள ஏன் தயங்க வேண்டும்?

எங்கள் பக்கத்தில் உழைப்பவர் பெயர் அச்சில் ஏறும் நாள் ஒன்று உண்டு. வெடி விபத்து நடந்த மறுநாள்தான் அது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தகைய நாட்களில் பெயர், வயது, ஊர் எல்லாம் வரிசையாக வருகின்றன. செத்த பின் அச்சிட இடம் கிடைக்கும் பெயருக்கு, வாழும்போது லேபிளின் ஓரத்தில் ஓர் அங்குலம் இல்லையா?

என் வேண்டுகோள்

பெரிய திட்டம் எதையும் நான் சொல்லவில்லை. நம் கல்லூரி மாணவர்களில் பலர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஒவ்வொருவரும் விடுமுறையில் வீட்டிலும் தெருவிலும் கேட்டுப் பழைய லேபிள்களைச் சேகரிப்போம். யார் வரைந்தது, எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி ஒட்டுவோம். நூலகத்தில் ஓர் ஆல்பம் வைக்க ஆசிரியப் பெருமக்கள் இடமளிக்க வேண்டும். வரைந்த முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மெஸ்மரைத் தேடிச் செல்ல ஓர் ஆய்வாளர் கிடைக்க நாற்பது ஆண்டு ஆயிற்று. நம் முதியவர்கள் அத்தனை காலம் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: இந்த ஆண்டு மலரின் அட்டைப் படத்தை வரைந்தவர் பெயரும், அச்சுக் கோத்து ஒட்டிக் கட்டித் தந்தவர் பெயர்களும் கடைசிப் பக்கத்திலேனும் இடம்பெற வேண்டும் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைப் பூர்த்தி செய்தேன். ‘தந்தையின் தொழில்’ என்ற இடம் மறுபடி வந்தது. ‘லேபிள் ஓவியர், தற்போது அச்சகத் தொழிலாளி’ என்று எழுதினேன். கட்டம் சிறியது, எழுத்து வெளியே வந்துவிட்டது. தந்தையாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு முறை படித்துவிட்டு, “எழுத்து கோணுது தாயி” என்றார்.