வேகத்தில் கை வைக்காதீர்கள்

ஏர் ரைபிள் வாங்கியவர்களில் பலருக்கு ஆறு மாதம் கழித்து ஒரு ஆசை வரும். "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் நன்றாக இருக்குமே!" நம் பக்கத்தில் இந்த ஆசைக்குத் தீனி போடுவது மிகவும் சுலபம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. ஒரு பாகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் சாயங்காலத்துக்குள் அதைப் போலவே இன்னொன்று கடைந்து கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கைத்திறமை நமக்குப் பெருமைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதுவே ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைபிளை உங்கள் உடம்புக்கு ஏற்ற மாதிரி எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். குண்டைத் தள்ளுகிற பாகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வாங்கியதுதான் இந்த ஏர் ரைபிள். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து வைத்து, ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுகிற சாதாரண மாடல். கடையில் அடையாளச் சான்று கேட்டார்கள், கொடுத்தேன். பில்லும் சீரியல் நம்பரும் இன்றுவரை பீரோவில் இருக்கின்றன. கைமாற்றாக, பில் இல்லாமல், "சார், உங்களுக்காக விலை குறைச்சுத் தரேன்" என்று யார் வந்தாலும் வாங்காதீர்கள். அந்த ரைபிளுக்குள் ஏற்கெனவே யார் என்ன வேலை செய்து வைத்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் துளையும், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி தண்டனையையும் கடுமையாக்கிவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது, ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவது போன்ற குற்றங்களுக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. வேடிக்கைக்குச் செய்தேன் என்று சொன்னால் எடுபடாது.

"என் ரைபிள் எல்லைக்குள்தானே இருக்கிறது, கொஞ்சம் கூட்டினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அரை கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால், அதன் ஆற்றல் 19.6 ஜூல். சட்டத்துக்கு உள்ளேதான். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். விநாடிக்கு 308 மீட்டர். ஆற்றல் 23.7 ஜூல் ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பழைய பாடம்தான்; ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஸ்பிரிங்கை மாற்றுகிறவர் அதை ஒரு கருவியில் அளந்தா பார்க்கிறார்? சத்தத்தைக் கேட்டு "இப்போ நல்லா அடிக்குது" என்பார், அவ்வளவுதான். காதால் ஜூலை அளக்க முடியாது.

எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். நல்ல பிள்ளை. போன மாதம் வந்து, "தாத்தா, உங்களுக்குத் தெரிஞ்ச லேத்துல சொல்லி இதை கொஞ்சம் ஸ்ட்ராங் பண்ணித் தர முடியுமா?" என்றான். எதற்கு என்றேன். "தூரத்துல இருக்கறதையும் அடிக்கணும்" என்றான். உட்கார வைத்து இரண்டு விஷயம் சொன்னேன்.

முதலாவது, அந்த லேத்காரருடைய கதை. நமக்காக ஐந்நூறு ரூபாய்க்கு அந்த வேலையைச் செய்து கொடுக்கும் மனிதருக்கு அது என்ன பாகம் என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். நாளைக்கு ஏதாவது நடந்து போலீஸ் வந்தால் அவர் பட்டறைக் கதவைத்தான் முதலில் தட்டும். கடன் வாங்கி மெஷின் போட்டவரை நம் விளையாட்டுக்காக அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த நமக்கு என்ன உரிமை?

இரண்டாவது, விளையாட்டின் கதை. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாக வாங்கிய முதல் தங்கம் அது. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் நாட்டுக்காகச் சுட்டதும் அதே 10 மீட்டர் பிரிவில்தான். அந்தப் போட்டி ரைபிளில் குண்டின் வேகம் விநாடிக்கு 170, 175 மீட்டர்தான். ஆற்றல் ஏறக்குறைய எட்டு ஜூல். நம் சட்டம் அனுமதிக்கிற அளவில் பாதிகூட இல்லை! அவர்கள் குறிவைக்கும் நடுப்புள்ளியின் குறுக்களவோ வெறும் அரை மில்லிமீட்டர். உலகத்திலேயே சிறந்தவர்களுக்கு எட்டு ஜூல் போதுமானதாக இருக்கும்போது நமக்கு மட்டும் எதற்கு இருபத்து மூன்று?

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப உங்க ரைபிளை நீங்க எதுவுமே பண்ணலையா தாத்தா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

பண்ணியிருக்கிறேன். கடையில் வந்த பட் கட்டை என் கைக்கு நீளமாக இருந்தது. ஒன்றேகால் அங்குலம் அறுத்து, ரப்பர் பட்டை வைத்தேன். கன்னம் பதியும் இடத்தில் தேக்குத் துண்டு ஒன்றைச் செதுக்கி ஒட்டினேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு முன் குறி மங்கலாகத் தெரிந்தது; சிறு துளை வழியாகப் பார்க்கும் பின் குறி மாட்டியதும் தெளிந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு என் குண்டுகள் விழும் வட்டம் பாதியாகச் சுருங்கியது. வேகம் ஒரு மீட்டர்கூட ஏறவில்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் அதே கம்பெனியின் அதே அளவு ஸ்பிரிங். சீல் தேய்ந்தால் அதே சீல். டிராயிங்கில் இல்லாததைச் செய்யாதே என்று டூல் ரூமில் கற்றதை வீட்டில் எதற்கு மறக்க வேண்டும்? ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு போல்ட்டைக்கூட அவர்கள் இஷ்டத்துக்கு மாற்ற விடமாட்டார்கள்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மொட்டை மாடி சுடுகிற இடமே அல்ல. வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் நம் தெருக்களில் தவறிய குண்டு அடுத்த மாடியில் துணி காயப்போடும் பெண்ணைத் தேடிப் போகும். நான் வீட்டுக்குள்ளேதான், கதவைத் தாழ் போட்டுவிட்டு, பழைய துணி அடைத்த இரும்புப் பெட்டியை நோக்கிச் சுடுகிறேன். குண்டு ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ரைபிள் பூட்டிய பீரோவில் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குச் சாவி இருக்கும் இடம் தெரியாது.

பறவைகளை விட்டுவிடுங்கள். நாம் சிறுவர்களாக இருந்த காலத்தில் ஏர் கன் என்றாலே கிளியும் கொக்கும்தான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். பருத்திப்பட்டு ஏரிக்குக் காலையில் நடக்கப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பறவைகளைப் பார்ப்பதில் இருக்கிற சுகம் அடிப்பதில் இல்லை.

கடைசியாக அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். செய்யாதே என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டால் அவர்கள் மாடிக்குத்தான் போவார்கள். பத்து மீட்டர் என்பது 33 அடி. ஒரு சமுதாயக் கூடத்திலோ பள்ளியின் நீளமான அறையிலோ நான்கு லேன் போட்டுவிடலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் பொதுவாக, குறைந்த கட்டணத்தில், பயிற்சியாளரோடு அப்படி ஓர் இடம் வேண்டும். பக்கத்திலேயே இருந்தால் இந்தப் பிள்ளைகள் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். மூச்சை எப்படி அடக்குவது என்று யோசிப்பார்கள்.

எதிர் வீட்டுப் பையனின் ரைபிளில் இப்போது பட் கட்டையைத்தான் சரி செய்துகொண்டிருக்கிறோம். ரம்பமும் உப்புத்தாளும் என்னுடையவை. தேய்ப்பது அவன்.