திறனற்றவர் எனப்படுவோர்

ஆங்கிலத்தில் 'ஸ்கில்டு' என்றொரு பெயரடை உண்டு. பழகிப் பழகிக் கைவந்த ஆற்றலுடையவர் என்று பொருள். நம் நாளிதழ்கள் அதைத் 'திறன் பெற்ற' என்று மொழிபெயர்க்கின்றன. அதன் எதிர்ச்சொல்லைத் 'திறனற்ற' என்கின்றன. இந்த இரண்டாவது சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

'ஸ்கில்' ஆங்கிலத்துக்குப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் பிரித்தறிதல், வேறுபாடு காணல். கைவேகமோ உடல்வலுவோ அன்று. தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது 'தேர்தல்' என்னும் வினை: ஆராய்தல், தெளிதல், பொறுக்கியெடுத்தல். 'கைதேர்ந்த' என்பது அதன் வழியே பிறந்தது. இன்றோ 'தேர்ச்சி' என்றதும் 35 மதிப்பெண்தான் நினைவுக்கு வருகிறது. அறிவைக் குறித்த சொல் சான்றிதழைக் குறிக்கலாயிற்று.

பழவேற்காட்டு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழகத்தில். ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல் ஏறி இறங்குகிறது. மழையில் உப்பு தணியும், கோடையில் ஏறும். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. இந்நீரில் இடுப்பளவு ஆழத்தில் அமிழ்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. எது சிப்பி, எது நண்டு, எது இறால் என்று விரல்நுனி தேர்கிறது. பழைய நார்ஸ் பேசியவர் எவரேனும் எழுந்து வந்தால் தம் சொல்லின் பொருள் இதுவே என்பார்.

ஏரியின் பட்டினவர் குப்பங்களில் 'பாடு' என்றொரு முறையுண்டு. இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல இடம் எவர்க்கும் நிரந்தரமில்லை. இன்று ஒருவருக்கு, அடுத்து மற்றவருக்கு. 'மீன்பாடு' என்று கிடைத்த மீனையும் சொல்வோம், 'பாடுபட்டான்' என்று உழைப்பையும் சொல்வோம். உரிமையையும் அதே சொல்லுக்குள் வைத்தவர்கள் இவர்கள். எந்த நீரோட்டத்தில் எந்த இடம் பலன் தரும் என்று அறியாதவனுக்கு இம்முறையால் பயனில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2008இல் வகுத்த தொழிற்பட்டியலில், உள்நாட்டு நீரிலும் கரையோரக் கடலிலும் மீன்பிடித் தொழில் செய்வோர் 'ஸ்கில்டு' என்ற தலைப்பின் கீழ்த்தான் வருகிறார்கள். காகிதத்தில் மீனவர் திறன் பெற்றவரே. ஆனால் கரை கைமாறியதும் அடைமொழி மாறிவிடுகிறது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்து 1971இல் முதல் ராக்கெட் கிளம்பியது. தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம். இத்தகைய பெருந்திட்டங்களின்போது கரையாருக்கு வேலை தருவதாகப் பேச்சு எழும். பெரும்பாலும் கிடைப்பது காவலும் துப்புரவும் சுமையிறக்கலும். என்ன படித்திருக்கிறாய் என்ற கேள்விக்குக் கொண்டல் காற்றும் வாடையும் விடையாகா. நேற்றுவரை கைதேர்ந்தவர், மறுநாள் காலை திறனற்றவர். அவர் கையிலிருந்து எதுவும் போய்விடவில்லை; அதைக் கேட்ட நீர்தான் போயிற்று.

இது வெறும் கூலிக் கணக்குச் சொல், இதில் இழிவேதும் இல்லை என்று நண்பர்கள் சிலர் வாதிடக்கூடும். நமக்கு உடன்பாடில்லை. கூலி குறைவாயிருப்பதன் காரணத்தையே அச்சொல் தொழிலாளியின் கைமேல் ஏற்றிவிடுகிறது. ஆங்கிலத்துக்காரர் என்னவோ செய்துகொள்ளட்டும். மொழிபெயர்க்கும் நாம் ஏன் '-அற்ற' என்று போட வேண்டும்? 'பயிற்சி கோராத வேலை' என்று எழுதினால் குறை வேலையைச் சேரும், ஆளைச் சேராது. இதழாசிரியர்கள் இன்றே மாற்றிக்கொள்ளலாம். எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.