பாம்பன் தூக்குப்பாலம் பழைய இரும்பு அல்ல

பாம்பனில் புதிய பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பழைய பாலத்தைப் பிரித்து அகற்ற டெண்டரும் விட்டாயிற்று. ரயில்வேயைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. மும்பைத் தமிழர்களாகிய நமக்கு முடியவில்லை.

பழைய பாலம் இனி ரயிலுக்கு ஆகாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1914 பிப்ரவரி 24 முதல் உப்புக்காற்று தின்ற இரும்பு அது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது சரியான முடிவே. புதுப் பாலத்தை ஒட்டி, படகு போகிற வழியில், அது அப்படியே நிற்கட்டும் என்றும் நாம் கேட்கவில்லை. நடுவில் உள்ள தூக்குப்பாலத்தையும் மற்ற கர்டர்களையும் ஒன்றாகப் பாவித்து, பிரித்துத் தள்ள வேண்டிய சரக்காகப் பார்ப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. எது கழிவு, எது பொருள் என்று தரம்பிரிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் ரயில்வே மேலிடத்துக்குத் தெரியாமல் போனது எப்படி?

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோனது. பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலோடு போயின. தூக்குப்பாலம் மட்டும் நின்றது. அப்போது ரயில்வேயில் இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன், கடலில் விழுந்த கர்டர்களைத் தேடியெடுத்து 46 நாளில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார். ஆகவே 1914இல் வைத்த இடத்திலேயே இன்றுவரை நிற்பது பெரும்பாலும் அந்தத் தூக்குப்பாலம்தான். சிகாகோவின் ஷெர்ஸர் நிறுவனம் வடிவமைத்தது. இங்கிலாந்தில் உருவான இரும்பு. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கம்பியைத் தள்ளிச் சுற்றச் சுற்ற, பல்சக்கரங்கள் முனகியபடி இரு கைகளும் மெல்ல மேலே எழும். வடகடலிலிருந்து தென்கடலுக்குப் போக விசைப்படகுகள் வரிசை கட்டிக் காத்திருக்கும். மோட்டார் கிடையாது, மனிதக் கைகள்தான். அந்தக் கைகளின் உழைப்பை நாளை யாரிடம், எதைக் காட்டிச் சொல்வது?

பராமரிக்கத் தெரியாத நிர்வாகம் என்றும் சொல்லிவிட முடியாது. நாம் தினமும் இறங்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையம் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2005இல் நீலகிரி மலை ரயில் சேர்ந்தது. இரண்டையும் வைத்துப் பெருமை பேசுகிறார்கள். ராமேஸ்வரம் தீவை முதன்முதலில் ரயிலால் கரையோடு இணைத்த பாலத்தின் இதயத்துக்கு மட்டும் ஏன் அந்தக் கவனம் இல்லை?

இவர்கள் அவசரப்பட வேண்டிய இடத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டே கால் வருடம் ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. காசியிலிருந்து கங்கைச் செம்போடு வந்த மும்பை மாட்டுங்கா முதியவர்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டையும் முழங்கால் வலியுமாகப் பேருந்து ஏறினார்கள். அவ்வளவு காக்க வைத்துக் கட்டிய புதிய பாலத்திலேயே, திட்டமிடும் கட்டத்திலிருந்து குறைகள் இருப்பதாக 2024 நவம்பரில் ரயில் பாதுகாப்பு ஆணையர் எழுதினார். சென்னை, மும்பை ஐஐடிகள் சரிபார்த்த வடிவமைப்புதான் என்பது ரயில்வேயின் பதில். 2025 ஏப்ரல் 6 அன்று திறப்பு விழா நடந்த அன்றே, மேலே போன தூக்குப்பகுதி இறங்கும்போது சிக்கியது.

மும்பைத் தமிழனுக்கு இந்தப் போக்கு புதிதல்ல. எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்தைப் பற்றிப் பயணிகள் பல வருடம் கத்தினார்கள். 2017 செப்டம்பர் 29 அன்று நெரிசலில் 23 பேர் செத்த பிறகுதான் ராணுவத்தை அழைத்துப் புதிய நடைபாலம் கட்டினார்கள். தாராவியையும் சயானையும் இணைத்த 1912ஆம் வருடத்துப் பாலத்தைப் பலமுறை தேதி சொல்லித் தள்ளிப்போட்டு, 2024 ஆகஸ்டில் மூடினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமே தெரியும் சயான் மருத்துவமனைக்கு நோயாளியோடு வண்டியில் போகிறவர்கள் ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கிறவர்களுக்காக எதையும் வேகமாகச் செய்யாதவர்கள், ஒரு நூற்றாண்டு உழைத்த பாலத்தை உடைக்க மட்டும் சுறுசுறுப்பாகிவிடுகிறார்கள்.

தனுஷ்கோடி ரயில் நிலையம் அறுபது வருடமாக இடிந்து கிடக்கிறது. காக்கத் தவறியதற்கு அதே தீவில் ஓர் அத்தாட்சி போதும், இரண்டாவது வேண்டாம். தூக்குப்பாலத்தைச் சிதைக்காமல் கழற்றிக் கரையேற்ற வழி காணுங்கள். எங்கே வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்பதைப் பாம்பன் மீனவர்களிடமும், அதைக் கையால் சுற்றிய ஊழியர்களிடமும் கேளுங்கள். இதையெல்லாம் டெண்டர் விடும் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்டு முடிக்கும்வரை அந்தத் தூக்குப்பாலத்தின் மீது எவரும் கேஸ் கட்டர் வைக்கக் கூடாது.